இரவில் ரவை நிரப்பாதே, மகன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகன்,

நாங்கள் நல்ல சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எழுதினால் ஒரு தடவையாவது முழுக்க வாசிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

போன துவக்குச் சுடும் போட்டியில் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. சின்ன மாமாவின் மகன்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னான். இரண்டாவது இரும்புத் தகட்டுக்குச் சுட்டபோது 'டுப்' என்று மெல்லிய சத்தமாம், நடுவர் 'ஸ்டொப்' என்று கத்தினாராம், பார்த்தால் சன்னம் குழலுக்குள்ளேயே நிற்கிறதாம். நீ வீட்டில் நிரப்பிய அந்த ரவையின் கோதுக்குள் வெடிமருந்து விழவில்லை. கோதின் அடியில் தீப்பொறி தரும் பிறைமர் மட்டும் வெடித்து சன்னத்தை உள்ளே தள்ளிவிட்டது. அந்த மனிதர் கத்தியிருக்காவிட்டால் நீ அடுத்ததையும் சுட்டிருப்பாய். ஐந்து தகட்டையும் கண் மூடித் திறப்பதற்குள் அடிக்கிற அவசரத்தில் யார் சத்தத்தைக் கவனிப்பது? முன்னால் நிற்கும் சன்னத்தில் பின்னால் வருவது போய் மோதினால் குழல் வீங்கும், சில வேளை வெடிக்கும். அவனுக்கு அது பகிடி. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

"அப்பா, காலம் முழுக்க டிஸ்பென்சரித் தராசில் மருந்து நிறுத்தவர் நீங்கள்தானே, போட்டிக்குக் கடை ரவையா, நானே நிரப்பும் கை ரவையா, சொல்லுங்கள்" என்று நீ முந்தி ஒரு நாள் கேட்டாய். அப்போது சிரித்துவிட்டு விட்டேன். இப்போது சொல்கிறேன். கடை ரவை. உன் கை திரும்ப உன் கையாகும் வரைக்கும் கடை ரவை.

கை ரவையில் குறை சொல்லவில்லை. நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன், காரணமும் விளங்குகிறது. உங்கள் ஸ்டீல் சலஞ்ச் போட்டியில் தகடு விழத் தேவையில்லை, சன்னம் பட்டால் போதும். பெரும்பாலான மேடைகளில் தகடுகளை ஐந்து தடவை அடித்து, மோசமானதைத் தள்ளிவிட்டு மற்ற நான்கின் நேரத்தைக் கூட்டுகிறார்கள். அப்படியென்றால் மெதுவாக உதைக்கிற ரவைதான் கெட்டித்தனம். துவக்கு துள்ளாவிட்டால் அடுத்த தகட்டுக்குக் கண் சீக்கிரம் போகும். 147 கிறெயின் நிறையுள்ள சன்னம் செக்கனுக்கு 900 அடி போனால், பெருக்கி ஆயிரத்தால் பிரிக்க 132 வரும், அதுதான் ரவையின் வலுக் கணக்கு. ஐபிஎஸ்சி என்ற மற்றத் துவக்குப் போட்டியில் அது 125க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் எட்டு மேடைகளில் அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஆகவே எல்லோரும் இன்னும் குறைக்கப் பார்க்கிறார்கள். குறைத்துக் குறைத்துப் போனால் துவக்கின் மேல் பகுதி முழுதாகப் பின்னால் போகாது, கோது சிக்கும். அதைவிட மோசம், மெல்லிய சத்தத்துக்கே காது பழகிவிடும். மருந்தில்லாத ரவை வரும்போது எப்படிப் பிடிபடும்?

கிறெயின் எனக்குப் புதிதில்லை. ஒரு கிறெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். பழைய 5 கிறெயின் அஸ்பிரின் குளிசைதான் பிறகு 325 மில்லிகிராம் ஆனது. உன் கோதுக்குள் விழும் வெடிமருந்தும் அந்தக் குளிசையளவு நிறைதான். 9 மில்லிமீற்றர் கோதில் சில வெடிமருந்துகள் பாதியளவுகூட வராது, இரண்டு தரம் விழுந்தாலும் இடமிருக்கும். கொஞ்சம் பருமனான மருந்தைப் பார்த்து எடு, இரண்டு தரம் விழுந்தால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும். சன்னம் வைக்கும் முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் பிடித்துப் பார். உன் ரவை நிரப்பும் இயந்திரம் ஒரு தரம் இழுத்தால் பல வேலை நடக்கும் என்றாய். எங்கேயோ சிக்கி, நிறுத்தி, மறுபடி இழுக்கிற இடத்தில்தான் பிழை நுழையும். அப்படி நடந்தால் இயந்திரத் தட்டில் இருக்கும் கோதுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு.

எங்கள் டிஸ்பென்சரியில் லேபிளை மூன்று தரம் வாசிப்போம்: எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது. மேசையில் ஒரு போத்தல்தான் நிற்கும். யாராவது இடையில் கூப்பிட்டுக் கதை கொடுத்தால் கலந்ததைக் கொட்டிவிடுவோம். வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்த நாளில் பெரியவர் எங்களைத் தராசில் விடவே மாட்டார், கட்டுப்போடும் அறைக்கு அனுப்பிவிடுவார். நான் யாரையும் குத்திச் சொல்லவில்லை.

இரவில் ரவை நிரப்பாதே. போட்டிக்கு முதல் நாள் நிரப்பாதே.

இன்னொன்று. போன ஞாயிறு வீடியோவில் பேத்திதான் சொன்னாள், "அப்பா கராஜில படுக்கிறார்" என்று. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரவை நிரப்பும் வேலை முடியப் பிந்தியிருக்கும், அங்கேயே கண்ணயர்ந்திருப்பாய். ஆனால் கராஜில் படுக்காதே, மகன். பழைய கோதுகளை உருட்டித் துப்புரவாக்கும்போது எழும்பும் தூசியில் ஈயம் இருக்கிறது, பிறைமரின் கரியிலும் இருக்கிறது. அதற்குள் படுத்து எழும்பி, அதே சேட்டோடு பிள்ளையைத் தூக்குவாய். பிள்ளைகளின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 3.5 மைக்றோகிராம் ஈயம் இருந்தாலே உங்கள் நாட்டுச் சுகாதார நிறுவனமான சீடிசி கவனிக்கச் சொல்கிறது. பயமில்லாத அளவு என்று ஒன்று கிடையாது. கையைப் பச்சைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவு, உடுப்பை மாற்று, பிறகு உள்ளே போ. உள்ளே போய்ப் படு.

2006 தை மாதம் இங்கே கடற்கரையில் அந்த ஐந்து மாணவப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற பிறகு, துவக்குச் சத்தம் கேட்காத இடத்தில் நீ இருக்க வேண்டும் என்றுதான் தம்பலகாமத்துக் காணியை விற்றோம். நீ அங்கே போய்க் காசு கொடுத்து அந்தச் சத்தத்தை வாங்குகிறாய். அம்மா இதைச் சொல்லி அழுவாள். எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நீ அந்த ஐந்து தகட்டையும் அடித்து முடித்த வீடியோவை சலூனில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒருவர் மூன்று தரம் போடச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லிவிடாதே.

மருமகளும் முந்தி உன்னோடு போட்டிக்கு வந்து நேரம் எழுதுவாளே, இப்போதும் வருகிறாளா? வந்தால் கண்ணாடி போடச் சொல். தகட்டில் பட்ட ஈயம் சிதறி வரும், பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் கண்தான்.

இங்கே கச்சான் காற்று, கிணறு அடியில். கூரை ஓடு மாற்றியாயிற்று. அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, பயப்பட ஒன்றுமில்லை. சித்தியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, விபரம் பிறகு.

மறுபடி சொல்கிறேன் என்று கோபிக்காதே. இரவில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியலும் பார்சலில் வருகிறது. மருமகளின் பெயருக்குத்தான் போட்டிருக்கிறேன். பாரம் கூட, எடுக்கப் போகும்போது நீயும் கூடப் போ.