கடல் என்ன காலி மனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு செய்த மரச் செயற்கைக்கோள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்தக் குழுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலோகச் செயற்கைக்கோள் திரும்பி வந்து எரியும்போது அலுமினிய ஆக்சைடு தூளாக மேலேயே தங்கிவிடுகிறது, மரமென்றால் அந்தத் தொல்லை இருக்காது என்று யோசித்து, பத்து சென்டிமீட்டர் பெட்டி ஒன்றைச் செய்து 2024-இல் அனுப்பினார்கள். ஆணியும் பசையும் இல்லாமல் மரத்தைச் சேர்த்ததை உங்கள் கட்டுரையாளர் பெரிய அதிசயமாக எழுதியிருக்கிறார். எங்கள் கட்டுமரத்தை என்ன ஃபெவிகால் போட்டா ஒட்டினார்கள்? சரி, அதை விடுங்கள்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி. எரியாமல் மிஞ்சும் பாகங்கள் பெரும்பாலும் கடலில் விழுவதால் யாருக்கும் பாதிப்பில்லையாம். பசிபிக்கில் நீமோ முனை என்று ஓர் இடம், எந்தக் கரையிலிருந்தும் 2,600 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கொண்டுபோய் விழவைத்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? 2019 டிசம்பரில் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் புதுச்சேரி மீனவர்கள் கையில்தான் சிக்கியது. உங்களுக்குத் தெரியாததல்ல.

என் மச்சானின் நண்டு வலையிலும் ஒரு தகடு மாட்டியது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட், உடைந்த ஓரத்தில் தேன்கூடு மாதிரி அறை அறையாக, மேலெல்லாம் கொட்டலசு, அதாவது கடலில் கிடக்கும் பொருளில் ஒட்டி வளரும் ஓட்டுயிர். வலையில் பாதி கிழிந்துபோனது. தகட்டை வல்லத்தில் ஏற்றி வந்து ஓர் அலுவலகத்தில் சொன்னால், முதல் கேள்வியே "எல்லை தாண்டிப் போனாயா?" இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மாலை வரை உட்காரவைத்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது ராக்கெட்டா, கப்பலா என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை. வலைக்குப் பதிலும் இல்லை. 2023-இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் நம் பிஎஸ்எல்வியின் பாகம் ஒதுங்கியபோது அந்தத் தகரத்துக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். இங்கே காவலில் இருந்தது மச்சான்.

எங்களுக்கு மட்டும் பாடத்துக்குக் குறைவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கால் வைக்காதே. பாசி எடுக்கப் போகும் பெண்கள் பவளப்பாறையைக் கெடுக்கிறார்கள். கடல் அட்டையை 2001-லிருந்து தொடக் கூடாது. அக்கரையில், இலங்கையில், அதையே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. எல்லாம் கடலைக் காப்பாற்றத்தானாம், ஒப்புக்கொள்கிறோம். அதே கடலில் மேலேயிருந்து இரும்பு விழுந்தால் மட்டும் பாதிப்பில்லை! மேடைக்கு மேடை கலாம் அய்யா பிறந்த மண் என்று எங்களைப் புகழ்வதில் ஒரு குறையும் வைப்பதில்லை.

நஷ்டஈட்டுக்கு 1972-இல் உலக ஒப்பந்தமே உண்டு. 1978-இல் கனடாவில் விழுந்த சோவியத் செயற்கைக்கோளுக்காக மூன்று மில்லியன் கனடிய டாலர் கொடுத்தார்கள். ஆனால் நம் நாட்டு ராக்கெட் நம் மீனவன் வலையில் விழுந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. அது அடுத்த நாட்டுக்காரருக்கு மட்டும். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அது தூத்துக்குடி மாவட்டம்தான், ராக்கெட்டும் தெற்கே போகும் என்பார்கள். தொழிலுக்கு நாங்களும் அந்தப் பக்கம் போகிறவர்கள்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. ராக்கெட் ஏவும்போது எந்தப் பகுதியில் பாகங்கள் விழும் என்று கப்பல்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகிறது. காற்று நிலவரம் போடும் மூலையில் அதையும் தமிழில், அட்சரேகை தீர்க்கரேகையோடு போடுங்கள். ஜிபிஎஸ் எல்லா வல்லத்திலும் இருக்கிறது. வலையில் ஏதாவது சிக்கினால் யாருக்கு போன் செய்வது என்று விசாரித்து அந்த எண்ணையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மூக்கையூர், ராமநாதபுரம் மாவட்டம்.