நாமா, நாங்களா? ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் யாரிடம் பேசுகிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் ஆட்டம் நடந்த மறுநாள் நம் விளையாட்டுப் பக்கத்தில் மேனேஜர்களின், அதாவது அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களின், பேச்சு இரண்டு வரியில் வருகிறது. தலைப்பில் ‘காட்டம்’, ‘கொந்தளிப்பு’, ‘விளாசல்’ என்ற மூன்று சொற்களில் ஒன்று நிச்சயம் இருக்கும். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. கடைசி விசில் அடிக்கும்போது மூன்றரை மணியாகிவிடும். அதன்பின் வரும் பேட்டியைக் கேட்கச் சேலத்தில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? காலையில் பேப்பரில் உள்ளதுதான் அவர்களுக்கு மேனேஜர் சொன்னது. அதனால் அதைத் தமிழாக்கும் விதம் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘வீ’ என்ற ஒரே சொல்தான். தமிழில் அதற்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு உண்டு. மேனேஜர் ரசிகரையும் சேர்த்துப் பேசினால் நாம். அணியை மட்டும் சொன்னால் நாங்கள். எதைப் போடுவது என்று மொழிபெயர்ப்பவர் ஒரு நொடியில் முடிவு செய்துவிடுகிறார். பேச்சின் பொருளே அந்த ஒரு நொடியில் புரண்டுவிடும்.

2015 நவம்பர் 8. லிவர்பூல் அணிக்கு மேனேஜராக வந்து ஒரு மாதமே ஆன யூர்கன் க்ளாப், சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் 1-2 எனத் தோற்றார். 82-வது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்ததுமே கூட்டம் எழுந்து வாசலை நோக்கி நடந்தது. திரும்பிப் பார்த்தபோது தனித்து விடப்பட்டதுபோல் இருந்தது என்று பேட்டியில் சொன்னார். பல இடங்களில் செய்தி அத்தோடு நின்றுவிட்டது: புது மேனேஜர் ரசிகர்களைக் குறை சொல்கிறார் என்று. ஆனால் அதே பதிலில் அவர் தொடர்ந்து சொன்னதன் சாரம், கடைசி விசில்வரை யாரும் எழுந்துபோக மனம் வராதபடி ஆடும் பொறுப்பு எங்களுடையது, அதை நாங்கள் செய்யவில்லை என்பது. இங்கே ‘எங்களுடையது’ என்பதற்குப் பதில் ‘நம்முடையது’ என்று எழுதிப் பாருங்கள். பொறுப்பேற்ற பேச்சு அப்படியே ரசிகருக்குச் சொன்ன புத்திமதியாகிவிடும்.

அடுத்த மாதம் 13-ஆம் தேதி வெஸ்ட் பிராம் அணியோடு அதே மைதானத்தில் ஆட்டம். 90 நிமிடம் தாண்டிய ஸ்டாப்பேஜ் டைமில் லிவர்பூல் வீரர் ஒரிகி அடித்த கோலால் 2-2. க்ளாப் வீரர்களைக் கைகோர்க்க வைத்து, லிவர்பூல் ரசிகர்கள் நிறைந்திருக்கும் காப் ஸ்டாண்டின் முன் வரிசையாக நிறுத்தி வணங்கச் செய்தார். டிராவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் நன்றி சொன்னது அந்த ஒரு புள்ளிக்காக அல்ல, இந்த முறை எழுந்துபோகாமல் நின்றவர்களுக்காக. நவம்பரில் சொன்ன சொல்லுக்கு டிசம்பரில் மைதானத்திலேயே கணக்குத் தீர்த்தார். ரசிகரிடம் பேசுவது என்றால் இதைத்தான் முதலில் காட்டத் தோன்றுகிறது.

ஜெயித்த பிறகும் இடறலாம். 2021 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி, ஜெர்மனியின் லைப்சிக் அணியை 6-3 என வென்ற புதன் இரவு, சனிக்கிழமை சவுத்தாம்ப்டன் ஆட்டத்துக்கு இன்னும் அதிகம் பேர் வர வேண்டும் என்று சிட்டி மேனேஜர் குவார்டியோலா கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் வராதவர்களின் சிரமத்தைத் தொடாமல் கேட்டுவிட்டார். வார நாள் இரவு, மறுநாள் பள்ளி போகும் பிள்ளைகள், டிக்கெட் விலை, திரும்பிப் போக வண்டி. ரசிகர் மன்றத்திடமிருந்து எதிர்ப்பு வந்தது. யாரையும் குறை சொல்லவில்லை என்று விளக்கினார், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னார். இப்போதே வந்திருப்பவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி முன்னால் வைத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

தோல்வியிலோ, கைநழுவிய வெற்றியிலோ ‘அவர்கள்’ என்ற சொல் வந்தால் கவனிக்க வேண்டும். 2023 மார்ச் 18-இல் 3-1 என முன்னணியில் இருந்த டாட்டன்ஹாம் 3-3 என முடித்தது. தன் வீரர்களைச் சுயநலக்காரர்கள் என்றார் அதன் மேனேஜர் அன்டோனியோ கான்டே. எட்டு நாளில் அந்தப் பதவியில் அவர் இல்லை. 2025 ஜனவரி 19-இல் பிரைட்டனிடம் 1-3 எனத் தோற்றபின் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ரூபன் அமோரிம், கிளப்பின் வரலாற்றிலேயே ஒருவேளை நாங்கள்தான் மோசமான அணி என்றார். கான்டேயின் வாக்கியத்தில் கான்டே வெளியே நின்றார். அமோரிமின் வாக்கியத்தில் அவரும் உள்ளே இருந்தார். இரண்டையும் ‘அணியை விளாசினார்’ என்ற ஒரே தலைப்பில் போடுவது நியாயமில்லை.

பேட்டி நடக்கும் முறையும் வாசகருக்குத் தெரிய வேண்டும். விசில் அடித்த சில நிமிடங்களில், ஒளிபரப்பு உரிமை வாங்கிய சேனலுக்கு விளம்பரத் தட்டியின் முன் நின்று பேச வேண்டும். பிறகு மற்ற சேனல்கள், வானொலி, கிளப்பின் சொந்தச் சேனல், கடைசியாக நிருபர்கள் அறை. ஒரே கேள்வி ஐந்தாறு முறை வரும். முதல் பேட்டியில் சூடு இருக்கும், கடைசியில் அலுப்பு இருக்கும். நிதானமான பதில் பெரும்பாலும் நிருபர்கள் அறையில்தான் கிடைக்கிறது. ஆனால் உலகம் முழுக்கச் சுற்றுவது முதல் பேட்டியின் இருபது விநாடித் துண்டு, அதுவும் கேள்வியை வெட்டிவிட்டு. தவிர, மேனேஜர் ஆட்டத்தைப் பார்ப்பது கோட்டருகில், தரை மட்டத்தில் நின்று. எதிர்ப்பக்கப் பெனால்டி ஏரியாவில் யார் கால் யாரைத் தட்டியது என்று அங்கிருந்து தெரியாது. நாம் ரீப்ளேயில் நான்கு கோணத்தில் பார்த்துவிட்டோம். அவர் ஒருமுறைகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். “நான் பார்க்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் எப்போதும் மழுப்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரெஃப்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. முடிவு தப்பு என்று சொல்லலாம். அவர் பாரபட்சமானவர் என்று தொனிக்கச் சொன்னால் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விடாது. 2023 ஏப்ரலில் டாட்டன்ஹாமை 4-3 என வென்ற பிறகு ரெஃப்ரி பால் டியர்னி பற்றிப் பேசியதற்காகக் க்ளாப்புக்கு 75,000 பவுண்டு அபராதமும் இரண்டு ஆட்டத் தடையும் விதித்தார்கள். தடையில் ஓர் ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், சேலத்திலும் ஏற்காட்டிலும் பரிசளிப்பு மேடையில் மைக் நம் பயிற்சியாளர்களிடமும் வருகிறது. ஜெயித்தால் “நாம ஜெயிச்சோம்ங்க”. தோற்றால் “பசங்க சொன்னதைக் கேக்கலைங்க”. அந்தப் பசங்களுக்குப் பதினாறு வயது. அப்பா அம்மாவும் தெருக்காரர்களும் வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். பெயர் சொல்லித் திட்டப்பட்ட கோல்கீப்பர் அடுத்த ஆட்டத்தில் பந்துக்கு வெளியே வர மாட்டான், கோட்டிலேயே நிற்பான். பயிற்சியில் அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

எனவே மைக்கை வாங்குமுன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ரெஃப்ரிக்கும் எதிரணிப் பயிற்சியாளருக்கும் கை கொடுங்கள், தண்ணீர் குடியுங்கள். கோல் விழுந்த நிமிடங்கள், அடிபட்டவர்கள், கார்டு வாங்கியவர்கள், இந்த மூன்றையும் உதவியாளரிடம் கேட்டுத் துண்டுத்தாளில் குறியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். வந்தவர்களுக்கு நன்றி முதல் வரியில் இருக்கட்டும். அடுத்து ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதை மைதானத்தின் பாஷையில் சொல்லுங்கள்: “வலது பக்க டிஃபெண்டர் மேலே ஏறினப்போ அந்த இடத்தை மூட ஆள் இல்லை, ரெண்டு கோலும் அந்த வழியாத்தான் வந்தது.” ‘மனசு வெச்சு ஆடலை’ என்பதைவிட இது பார்வையாளருக்கு நூறு மடங்கு பயன்படும். பிறகு உங்கள் முடிவு எது பிசகியது என்று ஒன்றாவது சொல்லுங்கள். ஆள் மாற்றியது தாமதம் என்றால் தாமதம்தான். ரெஃப்ரி மீது புகார் இருந்தால் மைக்கில் வேண்டாம், போட்டி விதிப்படி எழுத்தில் கொடுங்கள்.

மலை மேல் ஆடும் ஆட்டங்களில் ஒரு சாக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் முந்நூறு மீட்டரைக்கூட எட்டாது. கீழிருந்து காலையில் வண்டி ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, இறங்கிய கையோடு ஆடினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். பனிமூட்டம் இறங்கினால் எதிர்க் கோல்போஸ்ட் தெரியாது, ஈரப் புல்லில் பந்து வழுக்கும். இவை ஆட்டத்துக்கு முன்பே தெரிந்தவை. முந்தின நாளே ஏறியிருக்க வேண்டும், கட்டை உள்ள பூட்ஸைப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்க வேண்டும். தோற்ற பிறகு பனியைச் சொன்னால், அதே பனியில் ஜெயித்த அணியை அவமதிப்பதாகும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். மேனேஜரின் பதிலைப் போடும்போது கேள்வியையும் ஒரு வரியில் போடுங்கள். ஆட்டம் முடிந்த உடனே சொன்னதா, நிருபர்கள் அறையில் சொன்னதா என்று குறிப்பிடுங்கள். நாம், நாங்கள் என்று எழுதுமுன் முழுப் பதிலையும் ஒருமுறை கேளுங்கள். இடம் போதவில்லையென்றால் தலைப்பின் எழுத்தளவைக் குறைத்தால் இரண்டு வரி கிடைக்கும். மாவட்டப் போட்டிச் செய்திகளிலும் ஸ்கோரோடு நிறுத்தாமல், தோற்ற அணியின் பயிற்சியாளர் சொன்ன மூன்று வாக்கியங்களுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.