ஆஸ்லோ ஜன்னலும் நம் வீட்டு ஜன்னலும்

உ
சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம்.

ஆஸ்லோவில் ஜன்னலை ‘விண்டு’ என்கிறார்கள், ஆங்கில ‘விண்டோ’வின் வாலை நறுக்கி எடுத்துக்கொண்டார்கள் போலும் என்று எழுதியிருந்தாய். நேர் தலைகீழ். கடன் வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள்தான். 865இல் இங்கிலாந்தில் இறங்கிய வைக்கிங் பெரும்படையில் (டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகள்) பலர் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறிவிட்டார்கள். அப்படி வந்தவர்களின் பேச்சில் இருந்த ‘விண்டௌகா’தான் 13ஆம் நூற்றாண்டு ஆங்கில ஏடுகளில் உருமாறித் தலைகாட்டுகிறது. ‘விண்ட்ர்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண். முன்னதற்கும் வடமொழி ‘வாத’த்துக்கும், பின்னதற்கும் ‘அட்சி’க்கும் மூலம் ஒன்று என்கிறார்கள் மொழிநூலார். ஆக, உன் ஆத்தாவின் முட்டிவாதமும் மதுரை மீனாட்சியும் உன் வீட்டு ஜன்னலுக்குத் தூரத்து உறவு!

பழைய ஆங்கிலத்திலும் சொந்தச் சொல் இருந்தது. ‘கண்துளை’ என்று பொருள். அது வழக்கொழிந்துபோக, அதிலிருந்த ‘துளை’ மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘நாஸ்ட்ரில்’ என்று பிழைத்துக் கிடக்கிறது.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லுமிடத்தில் ‘மான்கண் காலதர்’ என்று வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போல் துளைத்த காற்று வழி. இதைக் காட்டினால் ‘விண்டோ தமிழிலிருந்து போனது’ என்று கிளம்ப நம் ஊரில் ஆள் உண்டு. அதற்கு இடமே இல்லை. கண்ணாடி காணாத காலத்தில் இரண்டு ஊராரும் காற்றுக்காகச் சுவரைத் திறந்தார்கள், அவ்வளவுதான். நம் வீட்டில் இன்றும் அதே கதைதான்: ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது பர்மாத் தேக்கின் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவை மட்டும் திறந்து வைக்கிறோம். ஆனால் வாய் நிறையச் சொல்வது ‘ஜன்னல்’. அது போர்த்துக்கீசியரின் ‘ஜனெலா’. அதன் லத்தீன் வேருக்குக் ‘கதவு’ என்று பொருள், காற்றும் இல்லை, கண்ணும் இல்லை.

நார்வேயிலேயே, அந்நாட்டு மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் மேற்குக் கரையில் அதிகம் வழங்கும் நீநோர்ஸ்கில் எழுதுகிறவர்கள் இன்னும் ‘விண்டௌகெ’ என்று முழுதாக எழுதுகிறார்கள். உன் அலுவலகத்தில் மேற்குக் கரைக்காரர் யாரேனும் இருந்தால், சொல்லச் சொல்லிக் கேட்டு, குரலைப் பதிவுசெய்து அனுப்பு.

அன்புடன்,
அப்பச்சி