விரலை முகர்ந்து பார்த்தவளுக்கும் மற்றவர்களுக்கும்

நான் சிகரெட்டை விட்டு நேற்றோடு 14 மாதம் ஆகிறது. 23 வருடம், நாளுக்கு ஒரு பாக்கெட் என்று பிடித்தவன். "எப்படி விட்டீங்க?" என்று கேட்பவர்களிடம் மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அது பாதி உண்மைதான். மாத்திரை உதவியது, தொல்லையும் கொடுத்தது. அந்தத் தொல்லையில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் என்னோடு இருந்தவர்கள். அவர்களுக்கு இதுவரை ஒழுங்காக ஒரு நன்றி சொல்லவில்லை.

முதலில் மருந்துக்கடை அக்காவுக்கு. சிகரெட் தவிப்பைக் குறைக்க மெல்லும் நிக்கோட்டின் கம்மை வாங்கிப்போய் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல், தாடை வலி. இரண்டாம் நாளே திருப்பிக் கொடுக்க வந்து நின்றேன். "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" என்று கேட்டீர்கள். பல் துலக்கும் முன்பே என்றேன். எழுந்த அரை மணிக்குள் பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும் என்றீர்கள். நாலைந்து தடவை மென்று, வாயில் சுரீரென்று ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும், காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக இறங்காது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த முறை ஆறு வாரத்தில் மறுபடி பிடித்துவிட்டேன், அக்கா. ஆனால் என்னால் ஆறு வாரம் இருக்க முடியும் என்று எனக்கே தெரிந்தது அப்போதுதான்.

டாக்டர் அவர்களுக்கு. உங்களிடம் வருவதற்கு முன் வேறொருவரிடம் போயிருந்தேன். "மன உறுதி இருந்தா மருந்தே வேண்டாம்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நீங்கள் புகையை விட உதவும் புப்ரோபியான் என்ற மாத்திரையை எழுதும் முன் வலிப்பு வந்ததுண்டா, தலையில் அடிபட்டதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டீர்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த மருந்தால் வலிப்பு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு வலிப்பு வரவில்லை, தூக்கம்தான் போனது. வாய் எந்நேரமும் வறண்டது. மூன்றாவது வாரம் தலை குனிந்துகொண்டு வந்தேன். "மருந்து ஒத்துக்கலை, அவ்வளவுதான். மாத்திப் பார்ப்போம்" என்றீர்கள். அன்று நீங்கள் திட்டியிருந்தால் நான் திரும்ப வந்திருக்க மாட்டேன்.

அடுத்து வரனிக்லின் என்ற வேறொரு மாத்திரை. மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது முந்திக்கொண்டு உட்காரும், பாதி அளவுக்குத் தூண்டிவிடும், அதனால் தவிப்பு குறையும், இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் இருக்காது என்று காகிதத்தில் வரைந்தே காட்டினீர்கள். முதல் 3 நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த 4 நாள் இரண்டு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள் சிகரெட்டை நிறுத்த வேண்டும். அந்தக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

மச்சானுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. இந்த மாத்திரையால் மனநிலை கெடும் என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஓடி வந்தீர்கள். அந்தப் பதற்றத்தில் தப்பே இல்லை. 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அப்படி ஒரு கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போடச் சொன்னது உண்மை. பிறகு 8,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2016-ல் வந்தது. அதைப் பார்த்து அந்த ஆண்டு இறுதியிலேயே அந்தக் கட்டம் போட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் விளக்கினார். "ஆனாலும் ஆள் மாறினா மாதிரி தெரிஞ்சா உடனே எனக்குச் சொல்லணும்" என்று உங்களிடமும் சொல்லி அனுப்பினார். அதன்பின் தினமும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போன் செய்தீர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும், மச்சான்.

இனி உனக்கு. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு நான் குமட்டிக்கொண்டு சுருண்டு கிடந்த காலையிலிருந்து, சாப்பாட்டுத் தட்டும் ஒரு முழு டம்ளர் தண்ணீரும் இல்லாமல் மாத்திரையை நீ என் கையில் கொடுத்ததே இல்லை. குமட்டல் பாதியாகக் குறைந்தது. கனவுகள் குறையவில்லை. அப்படிப்பட்ட கனவுகளை நான் அதற்கு முன் கண்டதில்லை. வண்ணம், வாசனை, சூடு எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, சிகரெட் பிடித்துவிட்டேன் என்று அழுதுகொண்டே எழுந்து உட்கார்ந்தேன். கனவு என்று நீ எவ்வளவு சொல்லியும் நான் நம்பவில்லை. நீ விளக்கைக்கூடப் போடாமல் என் வலது கையை இழுத்து, இரண்டு விரலையும் மூக்கருகே வைத்து முகர்ந்தாய். "வாசனை இல்ல. தூங்குங்க" என்றாய். அப்புறம் அந்தக் கையை விடவே இல்லை. அதுபோல எத்தனை இரவு என்று நான் எண்ணவில்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டியவள் நீ.

மகளே, நிறுத்திய நான்காம் நாள், பேனாவை மேசையில் தட்டினாய் என்பதற்காக உன்னைக் கத்தினேன். உன்மேல் தப்பில்லை. மறுநாள் சாயங்காலம் நான் கூண்டுக்குள் நடப்பது மாதிரி நடந்தபோது நீ கைக்கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "எவ்வளவு நேரம் வருதுன்னு பார்க்கலாம்ப்பா." பார்த்தோம். தவிப்பு ஏறி, நின்று, இறங்கியது. "நாலு நிமிஷம்தான்!" என்றாய். அந்த வாரம் முழுக்க எழுதி வைத்தாய். ஒன்றுகூட பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

தொலைபேசியில் பேசிய ஆலோசகர் அம்மாவுக்கு. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. படபடப்பு, இருமல், வாய்ப்புண், மலச்சிக்கல் என்று எல்லாப் பழியையும் மாத்திரை மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். "காபி எத்தனை குடிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். புகை பிடிப்பவர் உடம்பு காபியின் கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும், விட்டபின் அதே அளவு காபி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும் என்றீர்கள். பாதியாகக் குறைத்தேன், படபடப்பு நின்றது. மீதியெல்லாம் புகையை விட்ட பலருக்கும் வருவதுதான் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். ஐந்தாவது வாரம் ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு ஒன்றைப் பற்றவைத்துவிட்டேன். காகிதம் எரிந்த மாதிரிதான் இருந்தது. வெட்கத்தோடு உங்களுக்குத்தான் போன் செய்தேன். "ஒண்ணு பிடிச்சா ஒண்ணுதான். அதை இருபதுன்னு கணக்குப் போடாதீங்க, நாளைக்கு மாத்திரையைப் போடுங்க" என்றீர்கள். போட்டேன்.

கடைசியாக, ஆபீஸில் பத்து வருடம் என்னோடு மாடிப்படித் திருப்பத்தில் நின்ற நண்பருக்கு. நான் விட்ட அன்றிலிருந்து நீங்கள் இரண்டு மாடி இறங்கிக் கீழே போய்ப் பிடித்தீர்கள். முழங்கால் வலியோடு. ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஒரு சிகரெட்டையும் என் பக்கம் நீட்டவில்லை. போன வாரம் "எந்த மாத்திரை?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை கூடவே வருகிறேன். என் நம்பரை உங்கள் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். கனவு வந்து மூன்று மணிக்கு எழுந்தாலும் கூப்பிடுங்கள், எடுப்பேன்.