வாடையும் தனிமையும் இரவல் அல்ல

ஆசிரியருக்கு,

இயற்கைக் கவிதைகளில் பனிக்காலம் குறித்து ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வெளியான கட்டுரை, குளிரையும் தனிமையையும் இணைத்துப் பாடுவது மேலைநாட்டுக் கவிஞர்களிடம் நாம் கற்ற வழக்கம் என்கிறது. இதை ஏற்க இயலவில்லை. ஆறு பருவங்களில் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கிய மரபு நம்முடையது. வாடை என்னும் குளிர்ந்த வடகாற்று வீசும் காலத்தைப் பாடும் சங்கப் பாடலான நக்கீரரின் நெடுநல்வாடையில் குளிர் தாங்காமல் பறவைகள் கீழே விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. இரவு பகல் தெரியாமல் மயங்கிய ஆண்புறா, பெடையோடு இரை தேடப் போகாமல் இருந்த இடத்திலேயே கால் மாற்றி நிற்கிறது. எவ்வளவு நுட்பமான கண்! இத்தனையும் காட்டிய பிறகுதான், கணவன் போர்க்களப் பாசறையில் இருக்க அரண்மனையில் தனித்து வாடும் அரசியிடம் கவிஞர் நம்மை அழைத்துச் செல்கிறார். அவளது தனிமையை நாம் உணர்வதற்கு அந்தப் புறாவே போதும்.

கல்லூரி வகுப்பில் இப்பாடலை நடத்தியபோது, அருஞ்சொற்பொருளில் சலித்திருந்த மாணவர்கள் புறா வரும் அடிகளில் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். இலக்கியப் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு பருவப் பாடலின் சில அடிகளையாவது எளிய உரையுடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர்