ராச்செஸ்டர் கோட்டையின் நான்காவது மூலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான இங்கிலாந்துக் கோட்டைகள் பற்றிய கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஆயினும், பீரங்கி வரும்வரை கோட்டைக் கட்டடக்கலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. அதை மறுப்பதற்குக் கென்ட் பகுதியிலுள்ள ராச்செஸ்டர் கோட்டை ஒன்றே போதும்.

1066இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் முதலில் எழுப்பியவை பெரும்பாலும் மண்மேடும் மரவேலியும்தான். மரம் தீக்கு இரையாகும், மழையில் உளுத்துப்போகும் என்பதால் படிப்படியாகக் கல்லுக்கு மாறினார்கள். ராச்செஸ்டரில் 1127இல் கான்டர்பரிப் பேராயர் வில்லியம் டி கார்பெய்ல் கட்டத் தொடங்கிய நடுக்கோபுரம் நூறடிக்கும் மேல் உயரமானது. அதன் நான்கு மூலைகளும் சதுரமாகவே இருந்தன. 1215இல் தம்மை எதிர்த்த பிரபுக்களின் வசமிருந்த அக்கோட்டையை முற்றுகையிட்ட ஜான் மன்னர், கல்லெறி பொறிகளால் பயன் காணாமல், தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டச் செய்து, மேலுள்ள பாரத்தைத் தாங்க நிறுத்திய மரக்கால்களுக்குத் தீ மூட்டினார். அந்தத் தீயைக் கொழுப்பால் வளர்ப்பதற்காக, உண்பதற்கு அவ்வளவாக ஆகாத கொழுத்த பன்றிகள் நாற்பதை உடனே அனுப்புமாறு அவர் விடுத்த ஆணை இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. மூலை சரிந்த பின்னரும் உள்ளே இருந்தவர்கள், கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னே ஒதுங்கிப் போராடினார்கள். பசிதான் இறுதியில் அவர்களைப் பணியவைத்தது.

ஜானின் மகன் மூன்றாம் ஹென்றியின் காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது வட்டமாகக் கட்டினார்கள். மூன்று மூலை சதுரமும் ஒரு மூலை வட்டமுமாக அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. சதுர மூலையின் அடியைப் பெயர்ப்பது எளிது. மேலிருந்து அம்பெய்பவரின் கண்ணுக்கும் அந்த இடம் மறைந்துவிடும். வட்டச் சுவரில் இவ்விரு குறைகளும் பெரிதும் குறைகின்றன. இவ்வடிவம் ராச்செஸ்டரில் பிறந்ததும் அல்ல. ஜானின் அண்ணன் ரிச்சர்ட் 1196இல் நார்மண்டியில் கட்டத் தொடங்கிய ஷாட்டோ கையார் கோட்டையின் உள்மதிலே வளைவு வளைவாக அமைந்ததுதான்.

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரிது. முதலாம் எட்வர்ட் 1295இல் வேல்ஸில் தொடங்கிய பியூமரிஸ் கோட்டையில் நடுக்கோபுரமே கிடையாது. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மதில்கள். உள்மதில் உயரமானது என்பதால் வெளிமதிலில் நிற்கும் வீரர்களின் தலைக்கு மேலாக அங்கிருந்தும் அம்பெய்யலாம். முன்பு கோட்டையின் பலவீனமாக இருந்த வாயில், இங்கே இரட்டைக் கோபுரங்களோடு மிக வலிமையான பகுதியாகிவிட்டது. ஸ்காட்லாந்துப் போர்களுக்குப் பணம் போய்விட்டதால் கோட்டை முழுமை பெறவில்லை என்பது வருத்தமே. எட்டாம் ஹென்றி 1539இல் டீல் கடற்கரையில் தொடங்கிய தாழ்ந்த, தடித்த பீரங்கிக் கோட்டைக்கு இரண்டரை நூற்றாண்டுகள் முந்தையவை இவையெல்லாம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் ராச்செஸ்டர், பியூமரிஸ் ஆகிய இரண்டின் தரைப்படங்களையும் பக்கம் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி