தாய்மார்களின் கருப்பைவாய்ப் பரிசோதனை குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் பெற்றோர் கூட்டத்தின் முடிவில், நம் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் 30 வயதைக் கடந்த தாய்மார்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றித் தனியே பேசவிருக்கிறார். கூச்சத்தால் எவரும் பாதியில் எழுந்து சென்றுவிடக் கூடாது என்பதால் முன்னதாகவே எழுதுகிறேன்.

எச்.பி.வி. என்னும் வைரஸ் தொற்று பல ஆண்டுகள் உடலைவிட்டு நீங்காமல் தங்கிவிடுவதால்தான் இந்நோய் வருகிறது. மணவாழ்வில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் தாம்பத்திய உறவின் வழியே தொற்றக்கூடிய சாதாரண வைரஸ் அது. ஆகவே நோயுற்றவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது பெருங்கொடுமை. தொற்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை வலியோ ரத்தப்போக்கோ இருக்காது என்றாலும், செல்களில் ஏற்படும் மாற்றத்தைப் பரிசோதனையில் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் புற்றுநோயை வரவிடாமலே தடுத்துவிடலாம். “எனக்குத்தான் ஒன்றுமில்லையே” என்று சொல்லும் தாய்மார்களுக்கே இப்பரிசோதனை முதலில் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பயிற்சி பெற்ற செவிலியர் மறைவான இடத்தில் வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) கருப்பைவாயில் தடவி, வெண்திட்டு தோன்றுகிறதா என்று பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை, மேற்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு இம்முறையில் ஒரே ஒருமுறை பரிசோதனை செய்த ஊர்களில், இந்நோயால் நேரும் இறப்பு மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. அப்படியிருந்தும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இப்பரிசோதனையைச் செய்துகொண்டதில்லை.

தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். அன்றைய கூலி போய்விடுமே, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமே பல தாய்மார்களைத் தடுக்கிறது. நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். தாய் படுத்துவிட்டால் முதலில் படிப்பை நிறுத்துவது வீட்டின் மூத்த பெண்பிள்ளை என்பதால், இது பள்ளியின் கவலையும் ஆகும்.

தாம்பத்திய உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ ரத்தம் பட்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலும், கூட்டம் வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்நோய் வரலாம். எனவே அவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்